ஒன்றில் பழகும் மனம்



கணித ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து ஏற்படுத்திய அறக்கட்டளை இது. மனப்பயிற்சியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது. ஆனால் அந்தப் பொருளில் நம்மிடையே வேரூன்றியிருக்கும் ஒரு நம்பிக்கையை மறுத்துத்தான் இன்று பேசப்போகிறேன். மனத்தை மொத்தமாகத் தீட்டிக் கூர்மையாக்கிவிடலாம், பிறகு எந்த வேலையில் வேண்டுமானாலும் அதை ஏவலாம் என்பது அந்த நம்பிக்கை. நான் படித்து அறிந்தவரை மனம் அப்படிப் பழகுவதில்லை. ஏதேனும் ஒன்றில்தான் பழகுகிறது. அந்த ஒன்று எது, அதில் எப்படிப் பழக்குகிறோம் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது.

1907 மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில், நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு 32 வயது. அவதான அரங்கை இங்குள்ள இளைஞர்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவில் அவதானி அமர்வார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார். இன்னொருவர் பெருக்கல் கணக்குக் கொடுப்பார். ஒருவர் ஏதோ ஓர் ஆண்டையும் தேதியையும் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்திவிட்டுக் காத்திருப்பார். இதற்கிடையில் பின்னாலிருந்து ஒருவர் அவ்வப்போது முதுகில் நெல்லோ சிறு கல்லோ எறிந்துகொண்டிருப்பார், மணியடிக்க வேறொருவர். அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்து, கடைசியில் கல் எத்தனை விழுந்தது, மணி எத்தனை அடித்தது என்பதையும் அவதானி சொல்ல வேண்டும். எட்டு என்றால் அட்டாவதானம், பதினாறு என்றால் சோடசாவதானம், நூறு என்றால் சதாவதானம். வினோதரசமஞ்சரி எழுதிய அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சோடசாவதானம் சுப்பராயச் செட்டியார் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கலை பெயருக்கு முன்னால் பட்டமாகவே வழங்கியது.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும் வரம் வாங்கி வந்தவர் என்கிறோம். வியப்பில் வரும் பேச்சு அது, அதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அந்த மனிதரின் உழைப்பு நம் கண்ணில் படாமலே போய்விடும். ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டளை பிழையாமல் ஓட வேண்டும், எதுகை அமைய வேண்டும், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். கேட்பவருக்கு இவை தடைகளாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் யாப்பில் ஊறியவருக்கு இவைதான் கைப்பிடி. எதுகை தீர்மானமானதும் அடுத்த அடியில் வரக்கூடிய சொற்கள் சிலவாகச் சுருங்கிவிடுகின்றன. தளை அவற்றிலும் பாதியை விலக்கிவிடுகிறது. இடையில் சதுரங்கத்துக்கும் பெருக்கலுக்கும் போய்விட்டு மீண்டும் பாட்டுக்கு வரும்போது, விட்ட இடத்தை யாப்பே காட்டிக்கொடுக்கிறது. சீறாப்புராணத்துக்கு உரை எழுதும் அளவுக்குச் செய்யுளோடு வாழ்ந்தவர் பாவலர். அந்த மேடையில் மக்கள் பார்த்தது நினைவாற்றலைத்தான்; அதைத் தாங்கி நின்றது யாப்பு.

இப்படிச் சொல்ல எனக்குத் துணிவு தந்தது அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. 1980இல் சயின்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. ஆண்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் என்ற உளவியலாளர்கள் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனை அது. எஸ்.எஃப். என்று குறிப்பிடப்படும் கல்லூரி மாணவர் ஒருவருக்கு, விநாடிக்கு ஓர் எண் வீதம் எண்களை வாசித்துக் காட்டுவார்கள்; அவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஓர் எண் கூடும், தவறினால் குறையும். தொடக்கத்தில் அவரால் ஏழு எண்களைத்தான் சொல்ல முடிந்தது. உங்களாலும் என்னாலும் முடிவதும் அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று ஒன்றரை ஆண்டுக்கு மேல், மொத்தம் 230 மணி நேரத்துக்கும் அதிகமாக இது நடந்தது. முடிவில் அந்த மாணவர் 79 எண்களைக் கேட்ட வரிசையிலேயே சொன்னார்.

எப்படி முடிந்தது? அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்ற எண்கள் காதில் விழுந்தால், 3 நிமிடம் 49.2 விநாடி, உலகச் சாதனைக்கு அருகிலான மைல் ஓட்ட நேரம் என்று பிடித்துக்கொள்வார். ஓட்ட நேரமாக ஆக்க முடியாத எண்களை வயதாக ஆக்கினார். 893 என்றால் 89.3 வயதான ஒரு முதியவர். பிறகு இந்தத் தொகுதிகளை மூன்றும் நான்குமாக அடுக்கி, அந்த அடுக்குகளுக்கு மேல் இன்னோர் அடுக்கு வைத்தார். இந்த வழியை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு முறை சறுக்கியபோதும், எந்த இடத்தில் சறுக்கினோம் என்று பார்த்து அவரே படிப்படியாகக் கட்டிக்கொண்டது.

இனிச் சொல்லப்போவதுதான் என் பேச்சுக்கு ஆதாரம். பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆன நிலையில், எண்களை விட்டுவிட்டு ஆங்கில மெய்யெழுத்துகளை வாசித்துக் காட்டினார்கள். எண்களில் வெகுதூரம் முன்னேறியிருந்த அதே மனிதர் ஆறு எழுத்துகளோடு நின்றுவிட்டார். அவருடைய பொதுவான நினைவாற்றல் சிறிதும் வளரவில்லை. எண்களுக்கென்று ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. எழுத்துகள் அதற்குள் நுழைய வாசல் இல்லை.

சதுரங்கத்திலும் இதையே கண்டார்கள். 1973இல் இதே வில்லியம் சேஸும், பின்னாளில் பொருளியலில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும், உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகை நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டிவிட்டு, காய்களைத் திருப்பி அடுக்கச் சொன்னார்கள். கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியைச் சரியாக வைத்தார்; கற்றுக்குட்டி நாலைந்து காய்களோடு திணறினார். அதே காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்துக் காட்டியபோது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வல்லவரின் கண்ணில் பட்டது காய்கள் அல்ல. கோட்டைகட்டிய ராஜா, தாக்குதலுக்கு அணிவகுத்த சிப்பாய்கள் என்று ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிய உருக்கள். பழகிய உரு இல்லாத இடத்தில் அவரும் நம்மைப் போன்றவரே.

ஆகவே, தினமும் பத்து நிமிடம் கைப்பேசியில் புதிர் விளையாடினால் மூளை கூர்மையாகும் என்று விற்கப்படும் செயலிகளைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2010இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், பி.பி.சி. நிறுவனத்தோடு சேர்ந்து 11,430 பேரை ஆறு வாரம் இத்தகைய பயிற்சியில் ஈடுபடுத்தி, முடிவை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பயின்ற விளையாட்டில் எல்லாரும் தேறினார்கள். அதற்கு வெளியே, நெருங்கிய உறவுள்ள சோதனைகளில்கூட, அந்தத் தேர்ச்சி பரவவில்லை. 2016இல் அமெரிக்க வணிக ஆணையம், மிகையாக விளம்பரம் செய்ததற்காக இத்தகைய செயலியை விற்ற லுமோசிட்டி நிறுவனத்தை இருபது லட்சம் டாலர் கட்ட வைத்தது. பிள்ளை அந்தப் பத்து நிமிடத்தில் பின்னம் பழகினால் பின்னம் வரும். வயலின் பழகினால் வயலின் வரும். செயலியைப் பழகினால் செயலிதான் வரும்.

ஒன்றில் பழகுவதற்கு விலையும் உண்டு. லண்டனில் டாக்சி ஓட்டும் உரிமம் வேண்டுமானால், சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றியிருக்க வேண்டும். இதற்கு மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும். கேத்தரின் வூலெட், எலினார் மகுவையர் இருவரும் இந்தப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும், அவர்களில் திரும்பி வந்தவர்களை முடிவிலும் மூளைப் படம் எடுத்து ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். தேர்வில் வென்ற 39 பேருக்கு ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. முயன்று தோற்றவர்களுக்கும், ஒப்பிடுவதற்காகச் சேர்த்துக்கொண்ட, முயலாதவர்களுக்கும் அப்படி இல்லை. பழக்கம் மூளையின் சதையையே மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்க்கவில்லை. ஆனால் வென்றவர்கள், புதிய சிக்கலான படமொன்றைப் பார்த்து நினைவிலிருந்து வரையும் சோதனையில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஓரிடத்தில் பெற்றதற்கு இன்னோரிடத்தில் கொடுத்திருக்கலாம். எதைப் பழக்குவது என்ற தேர்வு ஏன் இவ்வளவு பெரிய பொறுப்பு என்பது இங்கே விளங்கும்.

சரி, எப்படிப் பழக்குவது? திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும் என்பது பாதி உண்மை. 2005இல் அமெரிக்க உள்மருத்துவ இதழ் ஒன்றில், மருத்துவர்களின் பணி அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளின் தொகுப்பு வெளிவந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, அனுபவம் கூடக் கூடத் தரம் குறைவதையே காட்டின. அதிர்ச்சி தரும் முடிவுதான். ஆனால் யோசித்தால் காரணம் புரியும். படிப்பு முடிந்து பணியில் அமர்ந்தவரின் பிழையை யாரும் அவரிடம் அன்றாடம் சொல்வதில்லை. நோயாளி திரும்பி வராவிட்டால் குணமாகிவிட்டார் என்று எண்ணிக்கொள்ளலாம். இருபது ஆண்டாகச் செய்கிறோம் என்பது வேறு, இருபது ஆண்டாகத் திருத்திக்கொள்கிறோம் என்பது வேறு.

நம் கர்நாடக இசைக் கல்வியில் இந்தத் திருத்தம் பாடத்திலேயே பொதிந்திருக்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிவரிசையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. இந்தப் பயிற்சி மாயாமாளவகௌளையில் தொடங்கும். அந்த ராகத்தில் முன்பாதியின் ஸ்வர இடைவெளிகள் பின்பாதியில் அப்படியே அமைந்திருப்பதால், ஸ-விலிருந்து ம வரை பிடிபட்டவருக்கு ப-விலிருந்து மேல் ஸ வரை செல்லும் வழி பாதி தெரிந்ததுபோல. ஒரே வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்கிறார்கள். முதல் காலத்தில் ஒளிந்துகொண்ட பிழை மூன்றாம் காலத்தில் ஒளிய முடியாது; ரிஷபம் தொடங்கும் இடத்தில் குரல் வழுக்கினால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். கற்றுத் தருபவர் அங்கே நிறுத்துவார். முழு வரிசையையும் மறுபடி பாடச் சொல்ல மாட்டார். ஸ ரி, ஸ ரி என்று அந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொள்வார். திட்டமிட்ட பயிற்சி என்று எரிக்சன் பிற்காலத்தில் எழுதியதெல்லாம் இந்த ஒரு நிறுத்தத்தில் அடங்கியிருக்கிறது. எட்டுகிற எல்லைக்குச் சற்று அப்பால் ஓர் இலக்கு, அதில் முழுக் கவனம், பிழையை உடனே காட்டும் செவி, அந்த இடத்துக்கே திரும்புதல்.

எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களிடம் நாட்குறிப்பு எழுதச் சொல்லி, 1993இல் வெளியிட்ட கட்டுரைதான் உலகப் புகழ் பெற்றது. மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியே சாதகம் செய்திருந்தார்கள். 2008இல் மால்கம் கிளாட்வெல் ஒரு நூலில் இதைப் பத்தாயிரம் மணி நேர விதி என்று ஆக்கிவிட்டார். எரிக்சன் இதைக் கடைசிவரை மறுத்தார். அது சராசரி, அந்த எண்ணைத் தொடாதவர்களும் அந்தக் குழுவில் உண்டு, மணிக்கணக்கு மட்டும் யாரையும் வித்துவானாக்காது என்றார். எனக்கு அந்தக் கட்டுரையில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த மாணவர்கள் தனிச் சாதகத்தையே முன்னேற்றத்துக்கு மிக இன்றியமையாதது என்றார்கள். இன்பமானது என்று சொல்லவில்லை. சிறந்தவர்கள் காலையில் பழகினார்கள், மதியம் தூங்கினார்கள், மற்றவர்களைவிட அதிகமாகவே தூங்கினார்கள். உச்சக் கவனத்தோடு நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் யாராலும் நிலையாகப் பழக முடிவதில்லை என்பது அந்தக் கட்டுரையின் முடிவுகளில் ஒன்று. விடியற்காலை தொடங்கி இரவு பத்து மணி வரை பிள்ளைகளை உட்கார வைக்கும் பயிற்சி மையங்கள் இதைப் படிக்க வேண்டும். அந்த நேரத்தின் பெரும்பகுதியில் அவர்களுடைய உடல் மட்டுமே அங்கே இருக்கிறது.

விடையை மறைத்துவைப்பதும் ஒரு பயிற்சி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சதுரங்க வாகையரான சென்னை குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இளம் வயதில் பல ஆண்டு கணினி எஞ்சின் பக்கமே போகவிடவில்லை. சிறுவர்கள் எல்லாரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. பொத்தானை அழுத்தினால் சரியான நகர்வு தெரிந்துவிடும். ஆனால் அதைத் தேடும் வேலையை மனம் செய்யாது. தானே கணக்கிட்டு, தானே தீர்ப்புச் சொல்லி, பிறகு பயிற்சியாளரிடம் வாதாட வேண்டியிருந்ததால், அந்தச் சிறுவனின் கணக்கிடும் ஆற்றல் வேறு வழியில்லாமல் வளர்ந்தது. செயற்கை நுண்ணறிவிடம் வீட்டுப்பாடத்தைக் கொடுத்து வாங்கும் மாணவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள், பிறகு அதைக் கேளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரிசை மாறினால் பலன் முழுக்க மாறிவிடும்.

கும்பகோணத்தில் ராமானுஜனுக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலும் இப்படித்தான் வேலை செய்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளைக் கொண்ட அந்த நூலில் நிறுவல்கள் மிகக் குறைவு. முடிவு கண்முன் இருக்கும், வழி இருக்காது. பள்ளி மாணவரான அவர் ஒவ்வொன்றுக்கும் வழியைத் தானே கண்டுபிடித்தார். காகிதம் வாங்க வசதியில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். இலக்கையும், வந்தடைந்தது சரியா என்பதையும் அந்த நூலே சொன்னதால், ஆசிரியர் இல்லாத குறை அங்கே பாதி தீர்ந்தது. அதே மாணவர் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். ராமானுஜனின் மேதைமையைப் பயிற்சி விளக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். 2014இல் மக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதருக்கு மனிதர் காணும் திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 விழுக்காடு, இசையில் 21, விளையாட்டில் 18, கல்வியில் வெறும் 4. பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து நீ உழைக்கவில்லை என்று ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் இந்த நான்கை நினைத்துக்கொள்ள வேண்டும். உணவும் வீடும் மொழியும் ஆசிரியரும் அந்த மீதிக்குள் இருக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வகுப்பறையில் நம் கைக்கு எட்டுவது என்ன என்பதற்கு வருகிறேன். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டாம் முறை படித்தார்கள். மற்றவர்கள் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. படிப்பது எளிதாக இருப்பதால் வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மூடிவைத்துவிட்டு, சட்டாம்பிள்ளை முன் எழுந்து நின்று ஒப்பித்த முறையை நாம் கேலி செய்தே வளர்ந்தோம். பொருள் புரியாமல் ஒப்பித்தது அதன் குறை. மூடிவைத்தது அதன் குறை அல்ல.

கடைசியாக, என் மனத்தை மிகவும் தொட்ட ஆய்வு. 1991இல் ஹாரி பாரிக், லிண்டா ஹால் இருவரும், பள்ளியில் இயற்கணிதம் படித்த பல வயதினரான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். சிலர் படித்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. இயற்கணிதத்தோடு நின்றவர்கள், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் உட்பட, காலப்போக்கில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறந்திருந்தார்கள். நுண்கணிதமும் அதற்கு மேலும் படித்தவர்கள், இடைப்பட்ட காலத்தில் கணக்கையே தொடாதவர்களாக இருந்தாலும், ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் பெரும்பகுதியை நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது மதிப்பெண் அல்ல. நுண்கணிதம் படித்த ஆண்டுகளில், இயற்கணிதத்தை அது ஒரு பாடம் என்ற நினைப்பே இல்லாமல், வேறொன்றுக்குக் கருவியாக நூற்றுக்கணக்கான முறை எடுத்தாண்டிருந்தார்கள்.

நம் பள்ளிகளில் தேர்வு முடிந்த பாடத்தை அத்தோடு புதைத்துவிடுகிறோம். இதை மாற்ற அரசாணை தேவையில்லை. வாரத்துக்கு ஐந்து கணக்கு வீட்டுக்குக் கொடுத்தால், அதில் மூன்று இந்த வாரப் பாடத்திலிருந்தும், ஒன்று போன பருவத்திலிருந்தும், ஒன்று போன ஆண்டுப் பாடத்திலிருந்தும் இருக்கட்டும். விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் போட்டுக் கொடுக்காமல், எந்த வரியில் தவறு தொடங்கியது என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்து, அந்த வரியிலிருந்து மட்டும் மறுபடி செய்துவரச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் நடத்தும்போது நடுவில் இருபடிச் சமன்பாடு வரும். நேரம் போகிறதே என்று அதைக் கரும்பலகையில் நாமே தீர்த்துவிட்டு மேலே போகிறோம். பிள்ளைகளில் ஒருவரை எழுப்பித் தீர்க்கச் சொன்னால் மூன்று நிமிடம் கூடுதலாகும். அந்த மூன்று நிமிடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.